விடிவதற்குள் முடிய வேண்டிய பேக்கப்: நெட்வொர்க் வழியே நகலெடுக்கும் வேகத்தைக் கூட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் உரிமையாளர் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு அழைத்து, "தம்பி, ராத்திரி போட்ட பேக்கப் விடிஞ்சு வந்து பார்த்தாலும் ஓடிட்டே கெடக்குது, கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். நான் போய்ச் சேர்வதற்குள் டிசைன் பிரிவில் வேலை தொடங்கிவிட்டது. கணினிகள் மந்தமாக இருக்கின்றன என்று சொல்லி அங்கிருந்தவர்கள் பேக்கப்பை நிறுத்தியும் விட்டார்கள். விசாரித்தபோது, இரண்டு மாதமாகவே நாள்தோறும் இப்படித்தான் நிறுத்தப்பட்டு வந்திருக்கிறது என்பது தெரிந்தது; முழுமையாக முடிந்த நகல் ஒன்றுகூட அந்தக் கம்பெனியின் கையில் இல்லை. மெதுவாக ஓடும் பேக்கப்பை யாராவது ஒருவர் ஒரு நாள் நிறுத்திவிடுவார் என்பதும், நிறுத்திய செய்தி ஹார்ட் டிஸ்க் பழுதாகும் நாள்வரை யார் காதுக்கும் போகாது என்பதுமே இந்த விஷயத்தில் நான் அஞ்சுகிற ஆபத்து. ஆகவே வேகத்தை வசதிக்கான காரியமாக எண்ணாமல், பேக்கப் என்ற ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதையே முடிவு செய்யும் காரியமாக எண்ணி இந்த வழிகாட்டியைப் படிக்க வேண்டுகிறேன்.

வேகம் குறைந்தால் உடனே புதிய சர்வர் வாங்கலாம், கணினிகளின் கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் என்ற பெட்டியை விலை கூடியதாகப் போடலாம் என்ற பேச்சு எழுவது இயல்பு. கீழ்பவானிப் பாசனத்தில் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்றால், அணையில் கூடுதலாகத் திறந்துவிடச் சொல்வதற்கு முன் வாய்க்கால் கரையோடு நடந்து எங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். நெட்வொர்க் பேக்கப்பும் அப்படித்தான். மூலக் கணினியின் டிஸ்க், கேபிள், ஸ்விட்ச், நகல் போய்ச் சேரும் பேக்கப் பெட்டியின் டிஸ்க், இவற்றுக்கிடையே ஓடும் மென்பொருள் ஆகியவற்றில் எது மிகக் குறுகலானதோ, அதன் வேகமே முழுப் பேக்கப்பின் வேகம். குறுகலான இடம் எதுவென்று தெரியாமல் மற்ற இடங்களை அகலப்படுத்தினால் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது.

முதலில் ஒரு கணக்கு

நெட்வொர்க்கின் வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறார்கள். கோப்பின் அளவை மெகாபைட்டில் சொல்கிறார்கள். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பு நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் தராது. போக்குவரத்துக்கான கூடுதல் தகவல்களும் அதே கம்பியில் செல்வதால் கைக்கு வருவது 11 முதல் 11.8 மெகாபைட் வரைதான். ஜிகாபிட் இணைப்பில் கணக்குப்படி 125 மெகாபைட், நடைமுறையில் 110 முதல் 118 வரை கிடைக்கும்.

மேலே சொன்ன பனியன் கம்பெனியில் நகலெடுக்க வேண்டியது ஏறத்தாழ 480 ஜிகாபைட். நொடிக்கு 11.5 மெகாபைட் வேகத்தில் அதற்கு 11 மணி 36 நிமிடம் ஆகும். 110 மெகாபைட் வேகத்தில் 73 நிமிடம் போதும். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் பேக்கப் காலை எட்டு மணிக்குள் ஏன் முடியவில்லை என்பதற்கு இந்தக் கணக்கே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. உங்கள் இடத்தில் எத்தனை ஜிகாபைட் இருக்கிறது, இரவில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்ற இரண்டையும் ஒரு தாளில் எழுதி வகுத்துப் பாருங்கள். எந்த வேகம் தேவை என்று தெரியாமல் தொடங்குகிறவருக்கு எங்கே நிறுத்துவது என்பதும் தெரியாது.

மூன்றையும் தனித்தனியாக அளத்தல்

பேக்கப் மென்பொருள் காட்டும் வேகம் எல்லாம் கலந்த வேகம். அதைப் பிரித்தால்தான் நோய் எங்கே என்று தெரியும். முதலில் நெட்வொர்க்கை மட்டும் அளப்பதற்கு ஐபெர்ஃப்3 என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்துங்கள். ஒரு கணினியில் அதைச் சர்வராகவும் மற்றொன்றில் கிளையன்டாகவும் ஓட்டினால், டிஸ்க்கைத் தொடாமல் நினைவகத்திலிருந்து நினைவகத்துக்குத் தரவை அனுப்பி வேகத்தைச் சொல்லும். 940 மெகாபிட்டை ஒட்டி எண் வந்தால் ஜிகாபிட் பாதை நன்றாக இருக்கிறது என்று பொருள். 94 மெகாபிட்டை ஒட்டி வந்தால் வழியில் எங்கோ ஓர் இடம் 100 மெகாபிட்டில் நிற்கிறது. ஒரு முறை 300, அடுத்த முறை 600 என்று எண் தாவிக்கொண்டிருந்து, தொலைந்து மீண்டும் அனுப்பப்பட்ட பொட்டலங்களும் (தரவு நெட்வொர்க்கில் செல்லும் சிறு துண்டுகள்) கூடிக்கொண்டே போனால், கேபிளையோ கனெக்டரையோ சந்தேகிக்க வேண்டும். அளவீட்டை எதிர்த்திசையிலும் ஒரு முறை செய்ய மறக்காதீர்கள். போகும்போது சரியாக இருந்து வரும்போது மட்டும் தடுமாறும் கேபிள்கள் உண்டு.

கைப்பேசியில் இணைய வேகச் சோதனை செய்து, "எங்கள் நெட் வேகமாகத்தான் இருக்கிறது" என்று காட்டுகிறவர்கள் பலர். அந்தச் சோதனை அளப்பது பிராட்பேண்ட் இணைப்பை. ஒரே கட்டடத்துக்குள் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் பாதைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அடுத்தது டிஸ்க். மூலக் கணினியிலும் பேக்கப் பெட்டியிலும் ஒரு பெரிய கோப்பைத் தனித்தனியே படித்தும் எழுதியும் பாருங்கள். அந்தக் கோப்பு கணினியின் நினைவகத்தைவிடப் பெரியதாக இருக்கட்டும். சிறிய கோப்பை எடுத்தால் விண்டோஸ் அதை நினைவகத்தில் தற்காலிகமாக வைத்துக்கொண்டு, டிஸ்க்கில் எழுதி முடிக்காத ஒன்றை முடிந்துவிட்டதாகக் காட்டும். கடைசியாக, அதே பெரிய கோப்பையும், அதே மொத்த அளவு கொண்ட ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் அடங்கிய ஒரு ஃபோல்டரையும் நெட்வொர்க் வழியே நகலெடுத்து, இரண்டுக்கும் ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண்கள் கையில் இருந்தால், கீழே வருவனவற்றுள் எந்தப் பகுதி உங்களுக்குரியது என்று நீங்களே கண்டுகொள்ளலாம்.

கேபிளும் ஸ்விட்சும்

திருப்பூர்க் கம்பெனியில் ஐபெர்ஃப் காட்டிய எண் 94. சர்வரில் ஜிகாபிட் கார்டு, நடுவில் ஜிகாபிட் ஸ்விட்ச், பேக்கப் பெட்டியிலும் ஜிகாபிட் போர்ட்; ஆனாலும் விண்டோஸின் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகம் 100 என்றே இருந்தது. சர்வரிலிருந்து ஸ்விட்சுக்கு வந்த கேபிளின் கனெக்டரைக் கழற்றி, கைப்பேசி வெளிச்சத்தில் முனையைப் பார்த்தேன். எட்டுக் கம்பிகளில் ஏழு, பிளாஸ்டிக்கின் கடைசி வரை போய்ச் செப்புப் பற்களின் அடியில் நின்றன. பழுப்புக் கம்பி மட்டும் ஒரு நெல்மணி அளவுக்குக் குட்டையாக நின்றுவிட்டது. கிரிம்ப் செய்தவர், அதாவது கம்பிகளைக் கனெக்டரில் அழுத்திப் பொருத்தியவர், அவசரத்தில் கம்பிகளைச் சமமாக வெட்டவில்லை.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. 100 மெகாபிட் இணைப்புக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகளே போதும். வழக்கமான பி வரிசையில் அவை ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி தொடவில்லை என்றால், பெரும்பாலான கருவிகள் இணைப்பைத் துண்டிக்காமல் ஓசையின்றி 100 மெகாபிட்டுக்கு இறங்கிக்கொள்ளும். மின்னஞ்சல் போகும், பிரிண்ட் வரும், கணக்கு மென்பொருளான டேலி திறக்கும். யாருக்கும் குறை தெரியாது. பேக்கப்புக்கு மட்டும் பத்து மடங்கு நேரமாகும். புதிய கனெக்டர் போட்டுக் கிரிம்ப் செய்த அடுத்த நொடியே அந்த இணைப்பு ஜிகாபிட்டாக எழுந்தது. ஆகவே முதல் வேலையாக, பேக்கப் செல்லும் பாதையில் உள்ள ஒவ்வொரு கருவியிலும் இணைப்பு வேகம் என்னவென்று பாருங்கள். பல ஸ்விட்சுகளில் போர்ட் விளக்கின் நிறமே 100, 1000 என்ற வேறுபாட்டைக் காட்டும்.

கேபிளை வாங்கும்போது உள்ளே இருப்பது முழுச் செம்பா, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதா என்று கேட்டு வாங்குங்கள். பின்னது மலிவானது, ஆனால் அலுமினியத்தின் மின்கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 61 சதவீதம்தான், வளைத்தால் எளிதில் முறியும், நெட்வொர்க் கேபிள்களுக்கான கேட் 5இ, கேட் 6 தரங்கள் அதை ஏற்பதுமில்லை. கம்பியை நகத்தால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது பூச்சுக் கம்பி. நீளமும் ஒரு கணக்கு: கேட் 5இ கேபிளில் ஜிகாபிட் 100 மீட்டர் வரை செல்லும். அலுவலகம் முன்புறமும் குடோன் பின்புறமுமாக இருக்கும் பெரிய யூனிட்களில் இந்த எல்லை எளிதில் தாண்டிவிடுகிறது. அங்கே ஃபைபர் இழுப்பதே நேர்மையான தீர்வு.

நம் பகுதிக்கே உரிய இரண்டு தொல்லைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடங்களிலும் கோவையின் லேத் பட்டறைகளிலும், மோட்டாருக்குப் போகும் மும்முனை மின்கம்பியோடு நெட்வொர்க் கேபிளையும் ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறார்கள். மோட்டார் கிளம்பும்போதும் வெல்டிங் ஓடும்போதும் பிழைகள் கூடி, பொட்டலங்கள் மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டு, வேகம் சரிகிறது. இரண்டையும் தனித்தனிக் குழாயில், இயன்றவரை விலக்கிக் கொண்டுசெல்லுங்கள். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். மற்றொன்று பஞ்சுத் தூசு. தையல் பிரிவுச் சுவரில் திறந்தபடி தொங்கும் ஸ்விட்சைக் கழற்றிப் பார்த்தால், காற்றுத் துளைகளை மெத்தைபோல் பஞ்சு அடைத்திருக்கும். உள்ளே சூடேறி அது அடிக்கடி தானாக மறுதொடக்கமாகும். மூடிய பெட்டியும் மாதம் ஒரு முறை சுத்தமும் அதற்குப் போதும்.

பாதையில் பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் ஒன்று ஒளிந்திருப்பதும் அடிக்கடி காண்பதுதான். மேசைக்கடியில் இருக்கும் ஐந்து போர்ட் பெட்டி, இணைய நிறுவனம் கொடுத்த மோடத்தின் பின்புற போர்ட், மேசைக் கணினிக்கு இணைப்பைக் கடத்தித் தரும் ஐபி தொலைபேசி ஆகிய மூன்றையும் மறக்காமல் பாருங்கள். கண்காணிப்பு கேமராக்களும் அதே ஸ்விட்சில் இருந்தால் கணக்கில் சேருங்கள்: ஒன்றுக்கு 4 மெகாபிட் என்று கொண்டால் 16 கேமராக்கள் 64 மெகாபிட்டை இரவும் பகலும் எடுத்துக்கொள்ளும். 100 மெகாபிட் இணைப்பில் பேக்கப்புக்கு மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்குதான். கேமராக்களுக்குத் தனி ஸ்விட்ச் போட்டுவிடுங்கள்.

வைஃபை வழியே பேக்கப் எடுக்க வேண்டாம். அதே அலைவரிசையில் உள்ள கருவிகள் ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும்; பெட்டியில் அச்சிட்ட வேகத்தில் பாதி கிடைத்தாலே பெரிது.

மறுமுனையில் உள்ள டிஸ்க்

ஐபெர்ஃப் 940 காட்டியும் நகலெடுப்பு 30 மெகாபைட்டில் நின்றால், பார்வையைப் பேக்கப் பெட்டியின் பக்கம் திருப்புங்கள். ரவுட்டரின் பின்னால் செருகிய வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுக்கிறவர்களுக்கு இந்த எண் பழக்கமானது: யூஎஸ்பி 2.0 போர்ட்டின் நடைமுறை எல்லை 30 முதல் 40 மெகாபைட். யூஎஸ்பி 3.0 போர்ட்டுக்கு மாற்றினாலும், ரவுட்டரின் சிறிய பிராசசரே அடுத்த தடையாகும். அந்த டிஸ்க்கை, நெட்வொர்க்கில் நேரடியாக இணையும் சேமிப்புப் பெட்டியான நாஸிலோ பழைய கணினி ஒன்றிலோ வைப்பது நல்லது.

டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர் வகையா சிஎம்ஆர் வகையா என்று பாருங்கள். சிஎம்ஆர் டிஸ்க்கில் தரவு எழுதப்படும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியே இருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில், கூரையில் ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் ஓரம் அடுத்த தடத்தின்மேல் ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்த அதன்மேல் ஏறியுள்ளவற்றையும் மீண்டும் எழுத வேண்டும். தொடக்கத்தில் சில ஜிகாபைட்கள் விரைவாகப் போகும். தற்காலிக இடம் நிரம்பியதும் வேகம் திடீரென்று விழும். விலை குறைவு என்பதற்காகப் பேக்கப்புக்கு இதை வாங்கிவிட்டு நெட்வொர்க்கைக் குறைசொல்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆண்டிவைரஸ் எழுதப்படும் ஒவ்வொரு கோப்பையும் சோதிப்பதும் ஒரு காரணம். பேக்கப் மென்பொருளின் செயலியை மட்டும் நிகழ்நேரச் சோதனையிலிருந்து விலக்கலாம். ஆண்டிவைரஸையே நிறுத்திவிட வேண்டாம்.

சிறு கோப்புகளின் பாரம்

எம்பிராய்டரி டிசைன் கோப்பு ஒன்று சில பத்துக் கிலோபைட்தான் இருக்கும்; டிஜிட்டல் பிரிண்டிங்குக்கான டிஃப் கோப்பு பல நூறு மெகாபைட். இரண்டும் ஒரே கம்பெனியில், ஒரே ஃபோல்டரில் கிடக்கின்றன. பெரிய கோப்பு ஒரு முறை திறந்தால் நீளமாக ஓடும். சிறு கோப்பு ஒவ்வொன்றுக்கும் உருவாக்கு, திற, எழுது, தேதியைக் குறி, மூடு என்று இரு கணினிகளுக்கும் இடையே பல முறை கேள்வியும் பதிலும் போய்வர வேண்டும். ஹார்ட் டிஸ்க்கின் ஊசியும் ஒவ்வொரு முறையும் இடம் மாற வேண்டும். ஒரு கோப்புக்கு 20 மில்லிநொடி என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு லட்சம் கோப்புகளுக்கு 4000 நொடி, அதாவது ஒரு மணிக்கு மேல், அந்தப் பேச்சுவார்த்தைக்கே போய்விடும். கம்பியை எவ்வளவு அகலப்படுத்தினாலும் இந்த நேரம் குறையாது.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ஒரே நேரத்தில் பல கோப்புகளை அனுப்புவது. விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி இதற்கு நல்ல கருவி. அதன் பல இழை விருப்பத்தை இயக்கினால் இயல்பாக 8 கோப்புகளையும், அதிகபட்சம் 128 கோப்புகளையும் இணையாக நகலெடுக்கும். சாதாரண ஹார்ட் டிஸ்க் என்றால் 8 அல்லது 16 போதும். அதற்கு மேல் போனால் ஊசி அலைந்து வேகம் குறையும். அதே கருவியில், இடையில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் மறுதொடக்க முறையை உள்வலையில் பயன்படுத்த வேண்டாம்; அது வேகத்தை வெகுவாகக் குறைக்கும். மூலத்தில் இல்லாததை நகலிலும் அழித்துவிடும் கண்ணாடி முறையில் இன்னும் கவனம் வேண்டும். தவறுதலாக அழித்த கோப்பு அன்றிரவே பேக்கப்பிலிருந்தும் போய்விடும்.

இரண்டாவது, மாறாத பழைய டிசைன்களை ஆண்டுவாரியாக ஒரே தொகுப்புக் கோப்பாகக் கட்டி வைப்பது. மூன்றாவது, கோப்பு கோப்பாக எடுக்காமல் டிஸ்க்கின் பிம்பமாக எடுக்கும் மென்பொருளைப் பயன்படுத்துவது. அது தொகுதி தொகுதியாக வரிசையாகப் படிப்பதால் கோப்பின் எண்ணிக்கை அதற்குப் பொருட்டல்ல. கோப்புகள் லட்சக்கணக்கில் இருந்தால் என் பரிந்துரை இந்த மூன்றாவதுதான்.

டேலியைப் பொறுத்தவரை வேகத்தைவிடச் சரியான தன்மை முந்தியது. எல்லோரும் டேலியை மூடிய பிறகு, அல்லது டிஸ்க்கின் ஒரு கணத்து நிலையை அப்படியே பிடித்துத் தரும் விண்டோஸின் வால்யூம் ஷேடோ காப்பி வசதியைப் பயன்படுத்தும் மென்பொருளைக் கொண்டு எடுங்கள். பதிவு நடந்துகொண்டிருக்கும்போது ஃபோல்டரை நகலெடுத்தால், பாதி பழையதும் பாதி புதியதுமான ஒன்று கிடைக்கும்.

அனுப்பியதை மீண்டும் அனுப்பாமல் இருத்தல்

இதுவரை சொன்னவை அனைத்தும் பாதையை அகலப்படுத்துவன. அனுப்பும் அளவையே குறைப்பது அதைவிடப் பெரிய பலன் தரும். முதல் முறை முழு நகல், பிறகு அன்றாடம் மாறியவை மட்டும் என்று வைத்தால், 480 ஜிகாபைட் வேலை பெரும்பாலான இரவுகளில் சில ஜிகாபைட் வேலையாகிவிடும்.

ஆனால் ஒரு பெரிய கோப்பில் சிறு பகுதி மாறினாலும் முழுக் கோப்பையும் அனுப்பும் மென்பொருள்கள் உண்டு. மெய்நிகர் கணினியின் டிஸ்க் கோப்பு, மின்னஞ்சல் சேமிப்புக் கோப்பு போன்றவற்றில் இது பெரும் சுமை. மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் முறையை 1996-இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் ஆர்சிங்க் என்ற கருவியில் தந்தார்கள். இதில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு: நாஸின் ஃபோல்டரை நெட்வொர்க் டிரைவாக இணைத்துக்கொண்டு ஆர்சிங்க்கை ஓட்டினால், அது இரண்டையும் உள்ளூர் இடங்களாகவே எண்ணி முழுக் கோப்பையும் எழுதும். ஒப்பிடும் வேலையை மறுமுனையும் செய்ய வேண்டுமென்றால், நாஸிலேயே ஆர்சிங்க் சேவை ஓட வேண்டும்.

ஏப்ரல் மாத முதல் வாரத்தில் மட்டும் பேக்கப் மந்தமாகிறது என்று ஒரு புகார் ஆண்டுதோறும் வரும். காரணம் எளியது. நிதியாண்டு முடிந்ததும் கணக்குப் பிரிவில் பழைய ஃபோல்டரின் பெயரை மாற்றி வேறிடத்துக்கு நகர்த்துகிறார்கள். இடத்தையும் பெயரையும் வைத்துக் கோப்பை அடையாளம் காணும் மென்பொருள், அவை எல்லாமே புதியவை என்று எண்ணி மீண்டும் அனுப்புகிறது. உள்ளடக்கத்தை வைத்து அடையாளம் காணும் போர்க், ரெஸ்டிக் போன்ற கருவிகளில் இந்தச் சிக்கல் இல்லை. வேறு கருவியில் இருப்பவர்கள், பெயர் மாற்றும் வேலையை ஒரு சனிக்கிழமை மாலைக்கு வைத்துக்கொள்வது போதும்.

சுருக்குவதும் மறையாக்கமும்

கணக்குக் கோப்புகளும் உரைகளும் நன்றாகச் சுருங்கும்; ஜேபெக் படங்களும் வீடியோக்களும் ஏற்கெனவே சுருங்கியவை, அவற்றை மேலும் சுருக்க முயல்வது பிராசசரை வருத்துவதுதான். எல்இசட்4 அல்லது இசட்ஸ்டாண்டர்ட் முறையின் குறைந்த நிலையைத் தேர்ந்தெடுங்கள். மறையாக்கத்தை, அதாவது கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி நகலைப் பூட்டுவதை, விட்டுவிட வேண்டாம். நாஸின் பிராசசர் எளியது என்றால் அந்த வேலையை மூலக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் குறித்தல்

எட்டுக் கணினிகளும் இரவு பத்து மணிக்கே தொடங்குமாறு வைப்பது பொதுவான தவறு. நாஸில் உள்ள ஒரே டிஸ்க்கின் ஊசி எட்டு இடங்களுக்கு அலைகிறது. அரை மணி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் மொத்த நேரம் குறையும். மாதாந்திர ஜிஎஸ்டி படிவங்களான ஜிஎஸ்டிஆர்-1க்குரிய 11-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பிக்குரிய 20-ஆம் தேதி ஆகியவற்றுக்கு முந்தைய இரவுகளில் கணக்குப் பிரிவு தாமதமாக வேலை செய்யும் என்பதால், அந்தக் கணினியைக் கடைசியில் வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையன்று பகல்நேரப் பேக்கப் எதுவும் வேண்டாம். நாஸும் ஸ்விட்சும் இரண்டும் யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். ஸ்விட்சை விட்டுவிட்டு நாஸுக்கு மட்டும் யூபிஎஸ் போட்டிருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன்.

கிளவுடுக்கு அனுப்புகிறவர்கள் பதிவிறக்க வேகத்தை நம்பாமல் பதிவேற்ற வேகத்தைப் பாருங்கள். 20 மெகாபிட் பதிவேற்றத்தில் 500 ஜிகாபைட் செல்ல 55 மணி நேரத்துக்கு மேலாகும். கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் இடையே என்றால், முதல் முழு நகலை ஒரு டிஸ்க்கில் எடுத்துப் பெருந்துறையிலிருந்து கோவைக்குக் கையில் கொண்டுபோய்விட்டு, அன்றாட மாற்றங்களை மட்டும் இணையத்தில் அனுப்புங்கள்.

கடைசியில் தொட வேண்டியவை

ஜம்போ ஃபிரேம் அமைப்பைத்தான் பலர் முதலில் தொடுகிறார்கள். பொட்டலத்தின் அளவை 1500 பைட்டிலிருந்து 9000 ஆக்கினால், ஜிகாபிட்டில் பயனுள்ள பங்கு 95 சதவீதத்திலிருந்து 99 ஆகும், அவ்வளவே. பாதையில் ஒரு கருவி அதை ஏற்காவிட்டால் இணைப்பே கோளாறாகும். இரண்டு ஜிகாபிட் கேபிள்களை ஒன்றாகப் பிணைப்பதாலும் ஒரு கணினியின் ஒற்றை ஓட்டத்துக்கு வேகம் கூடாது. பல கணினிகள் ஒரே நேரத்தில் வரும்போதுதான் அது உதவும். இவற்றைவிட 2.5 ஜிகாபிட் நல்ல முதலீடு. 2016-இல் தரப்படுத்தப்பட்ட அது பழைய கேட் 5இ கேபிளிலேயே 100 மீட்டர் வரை ஓடும். ஆனால் உங்கள் டிஸ்க் நொடிக்கு 150 மெகாபைட்தான் எழுதும் என்றால் அதன் பாதி வீணே.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மீண்டும் அளந்து எழுதிவையுங்கள். இரண்டு மாற்றங்களை ஒரே நாளில் செய்தால் எது உதவியது என்று தெரியாது. அதோடு எதிர்த்திசையையும், அதாவது மீட்கும் நேரத்தையும் அளக்க வேண்டும். அந்தத் திருப்பூர்க் கம்பெனியில் முதல் முழு நகல் முடிந்த மறுநாள், சென்ற ஆண்டின் ஓர் ஆர்டருக்குரிய ஃபோல்டரை வேறொரு கணினியில் மீட்டு, டிசைனரையே உட்காரவைத்து ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்க்கச் சொன்னேன். எல்லாம் திறந்தன. மீட்க எத்தனை நிமிடம் ஆனது என்பதைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, சர்வர் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டினோம். அதன் கீழே மாதத்துக்கு ஒரு வரி இன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது.